அணைச் செய்தியில் வரும் மூன்று அடிகள்

“மேட்டூர் அணையின் நீர்மட்டம் 100 அடியாக உயர்ந்தது. நீர்வரத்து 20 ஆயிரம் கனஅடி. நீர் இருப்பு 65 டி.எம்.சி.” பருவமழைக் காலத்தில் இந்த மாதிரி மூன்று வரி இல்லாமல் நாளிதழ் வருவது அபூர்வம். படிக்கிறோம், அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். யாராவது விவாதத்தைக் கிளப்பினால்தான் குழப்பம் வெளியே வருகிறது. “இருபதாயிரம் கனஅடி வந்தும் அணை நிரம்பவில்லையா?” என்பார் ஒருவர். “பாபநாசம் அணை 143 அடி, மேட்டூர் 120 அடிதான், அப்புறம் எப்படி மேட்டூர் பெரிசு?” என்பார் இன்னொருவர்.

அந்த மூன்று வரியும் மூன்று வெவ்வேறு விஷயங்களைச் சொல்கின்றன. முதல் வரி உயரம். இரண்டாவது, தண்ணீர் வந்து சேரும் வேகம். மூன்றாவதுதான் தண்ணீரின் அளவு. மூன்றிலும் எங்கேயோ ஒரு ‘அடி’ ஒளிந்திருப்பதால் ஒன்றை இன்னொன்றாகப் படித்துவிடுகிறோம்.

தரையடித் தொட்டியில் தொடங்கலாம்

வீட்டு வாசலில் ஒரு தரையடித் தொட்டி இருக்கிறது என்று வையுங்கள். நீளம் 10 அடி, அகலம் 6 அடி, ஆழம் 5 அடி. மூன்றையும் பெருக்கினால் 300 வரும். இது 300 கனஅடி. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒவ்வோர் அடி உள்ள ஒரு பெட்டி பிடிக்கும் அளவுதான் ஒரு கனஅடி. அந்த மாதிரி 300 பெட்டித் தண்ணீர் இந்தத் தொட்டிக்குள் அடங்கும்.

மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பார்க்கிறீர்கள். குச்சி 3 அடிக்கு நனைந்திருக்கிறது. இதுதான் நீர்மட்டம். உள்ளே இருப்பது 10 × 6 × 3, அதாவது 180 கனஅடி. இதுதான் நீர் இருப்பு. குழாயைத் திறந்துவிட்டால் வினாடிக்கு இத்தனை என்று தண்ணீர் விழுகிறதே, அது நீர்வரத்து. வினாடிக்கு ஒரு கனஅடி வீதம் விழுந்தால் காலித் தொட்டி 300 வினாடியில், அதாவது ஐந்தே நிமிடத்தில் நிரம்பிவிடும். எந்த வீட்டுக் குழாயும் அவ்வளவு கொட்டாது என்பது வேறு விஷயம்.

குச்சி காட்டுவது அடி, தொட்டியில் இருப்பது கனஅடி, குழாயில் வருவது வினாடிக்குக் கனஅடி. இந்தக் கடைசி அளவைப் பொறியாளர்கள் கியூசெக் என்பார்கள்.

கனஅடியை லிட்டராக்கும்போது

ஓர் அடி என்பது 30.48 சென்டிமீட்டர். 30.48-ஐ மூன்று முறை பெருக்கினால் சுமார் 28,317 கன சென்டிமீட்டர். ஆயிரம் கன சென்டிமீட்டர் ஒரு லிட்டர் என்பதால் ஒரு கனஅடி 28.317 லிட்டர். பேச்சுக்கு 28.3 போதும். நம் தொட்டியின் 300 கனஅடி, ஏறத்தாழ 8,500 லிட்டர்.

பலரும் சறுக்கும் இடம் இதுதான். ஒரு மீட்டருக்கு 3.28 அடி என்பது பள்ளியிலேயே மனப்பாடம். அதனால் ஒரு கனமீட்டருக்கும் 3.28 கனஅடி என்று கை தானாக எழுதிவிடும். பெட்டியை மனதில் கொண்டுவந்தால் தவறு தெரியும். நீளத்தில் 3.28 பங்கு, அகலத்தில் 3.28 பங்கு, உயரத்திலும் 3.28 பங்கு. ஆக 3.28 × 3.28 × 3.28, அதாவது சுமார் 35.3. ஒரு கனமீட்டர் என்பது 35.3 கனஅடி, 1,000 லிட்டர். கொள்ளளவை ஓர் அலகிலிருந்து இன்னோர் அலகுக்கு மாற்றும்போது நீள அலகின் விகிதத்தை மூன்று முறை பெருக்க வேண்டும். இதை மறந்தால் விடை பத்து மடங்குக்கு மேல் பிசகும்.

டி.எம்.சி.

தௌசண்ட் மில்லியன் கியூபிக் ஃபீட் என்பதன் சுருக்கம் டி.எம்.சி. ஆயிரம் மில்லியன் கனஅடி, நம் கணக்கில் நூறு கோடி கனஅடி. லிட்டரில் 2,831.7 கோடி. கனமீட்டரில் 2.83 கோடி.

நூறு கோடி என்றால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. 1,000 அடி நீளம், 1,000 அடி அகலம், 1,000 அடி உயரம் உள்ள ஒரு பெட்டியைக் கற்பனை செய்யுங்கள். ஆயிரத்தை மூன்று முறை பெருக்கினால் சரியாக நூறு கோடி. ஒரு பக்கத்துக்கு 305 மீட்டர், மூன்று திசையிலும். அந்தப் பெட்டி நிறையத் தண்ணீர் இருந்தால் அது ஒரு டி.எம்.சி. விவசாயிக்கு வேறு விதமாகச் சொல்லலாம். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ஒரு டி.எம்.சி. தண்ணீரைத் துளி சிந்தாமல் பரப்பினால் ஏறத்தாழ 23,000 ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும்.

நகரத்துக் கணக்கும் ஒன்று உண்டு. சென்னைக்குக் குடிக்க மாதம் ஒரு டி.எம்.சி. வேண்டும் என்று அடிக்கடி சொல்வார்கள். அது எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்குவதில்லை. நாளொன்றுக்கு நூறு கோடி லிட்டர் விநியோகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி, ஒவ்வொரு கனஅடியும் 28.3 லிட்டர். அப்படியென்றால் ஒரு டி.எம்.சி. 28.3 நாளைக்கு வரும். மாதக் கணக்கு அங்கேதான் பிறக்கிறது.

சென்னையின் ஏரிகளுக்கு டி.எம்.சி. கொஞ்சம் பெரிய அலகு. அதனால் அங்கே மில்லியன் கனஅடியில் சொல்வார்கள். ஆயிரம் மில்லியன் கனஅடி சேர்ந்தால் ஒரு டி.எம்.சி. பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, தேர்வாய்கண்டிகை 500. ஐந்தையும் கூட்டினால் 11,757 மில்லியன் கனஅடி, அதாவது 11.757 டி.எம்.சி. மூன்று இலக்கம் தள்ளிப் புள்ளி வைத்தால் முடிந்தது.

‘வினாடிக்கு’ தொலைந்துபோகும்போது

தொலைக்காட்சியின் அடியில் ஓடும் வரியில் இடம் கிடையாது. முதலில் வெட்டப்படுவது ‘வினாடிக்கு’ என்ற சொல். “10 ஆயிரம் கனஅடி தண்ணீர் திறப்பு” என்று ஓடும். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் 10 ஆயிரம் கனஅடி என்பது 2.83 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் 24 லாரிக்குள் அடங்கிவிடும். அதைக் கொண்டு டெல்டாவில் என்ன செய்வது?

உண்மையில் அது ஒவ்வொரு வினாடியும் 10 ஆயிரம் கனஅடி. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. ஆக நாள் முழுவதும் ஓடினால் 86.4 கோடி கனஅடி, 0.864 டி.எம்.சி. லிட்டரில் 2,446 கோடி.

இந்த 0.864 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்தால் பாதிச் செய்தியைத் தனியாகவே படித்துவிடலாம். வினாடிக்கு ஆயிரம் கனஅடி ஒரு நாள் ஓடினால் 0.0864 டி.எம்.சி. ஒரு லட்சம் கனஅடி ஓடினால் 8.64. திருப்பிப் போட்டால், ஒரே நாளில் ஒரு டி.எம்.சி. வந்து சேர வினாடிக்கு 11,574 கனஅடி வேண்டும். மனக்கணக்குக்கு 12 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு சதவீதம்தான் வித்தியாசம், பேச்சுவாக்கில் பரவாயில்லை.

2023 ஆகஸ்ட் கடைசியில் கர்நாடகம் 15 நாளைக்கு வினாடிக்கு 5,000 கனஅடி வீதம் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று காவிரி மேலாண்மை ஆணையம் சொன்னது. “தினமும் 5,000 கனஅடி” என்று அதைச் சுருக்கியவர்கள் ஏராளம். அப்படிப் பார்த்தால் தினம் பன்னிரண்டு லாரித் தண்ணீர்! அதற்கா இரண்டு மாநிலமும் நீதிமன்றப் படியேறியது? சரியான கணக்கு: 5 × 0.0864 × 15, அதாவது 6.48 டி.எம்.சி.

இதுவரை வந்ததில் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘கனஅடி’ என்று பார்த்ததும், இருப்பா ஓட்டமா என்று கேளுங்கள். ‘திறப்பு’, ‘வரத்து’, ‘வெளியேற்றம்’ என்ற சொற்கள் பக்கத்தில் இருந்தால் அநேகமாக அது ஓட்டம். எவ்வளவு நேரம் ஓடியது என்று தெரியாமல் ஓட்டத்தை டி.எம்.சி.யாக மாற்றவே முடியாது.

நீர்மட்டத்தைப் பார்த்து அணையை எடைபோட வேண்டாம்

தரையடித் தொட்டிக்கு நாலு பக்கமும் செங்குத்துச் சுவர். அதில் ஓர் அடி என்றால் எந்த ஓர் அடியும் 60 கனஅடிதான், அடியில் இருந்தாலும் மேலே இருந்தாலும். அணை அப்படி இல்லை. ஆறு ஓடிய பள்ளத்தாக்கைக் குறுக்கே அடைத்துத்தான் அணை கட்டுகிறோம். கீழே ஆற்றின் குறுகிய படுகை, மேலே போகப் போக இரண்டு பக்கமும் விரிந்து பரவும் நிலம். கீழே உள்ள ஓர் அடிக்கும் மேலே உள்ள ஓர் அடிக்கும் சம்பந்தமே கிடையாது.

1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. சரி, பாதி உயரமான 60 அடியில் பாதித் தண்ணீர் இருக்குமா? இருக்காது. சுமார் 25 டி.எம்.சி.தான், கால்வாசியைச் சற்றே தாண்டும். மீதி 68-ம் மேல் பாதியில். 100 அடியில் சுமார் 65 டி.எம்.சி. வந்துவிடும். கடைசி 20 அடி மட்டும் 28-க்கு மேல் பிடிக்கும், அதாவது அடிக்குச் சராசரியாக 1.4 டி.எம்.சி.

“ஒரே நாளில் 5 அடி உயர்வு!” என்ற தலைப்பைப் படிக்கும்போது எந்த இடத்திலிருந்து உயர்ந்தது என்று பாருங்கள். 40 அடியிலிருந்து 45 ஆனதும் 110-லிருந்து 115 ஆனதும் ஒன்றல்ல. கீழே இருக்கும்போது மட்டம் விறுவிறுவென ஏறும். மேலே வந்ததும் அதே நீர்வரத்துக்கு ஊர்ந்துதான் ஏறும். வரத்து குறைந்துவிட்டதோ என்று கவலைப்பட வேண்டியதில்லை, பள்ளத்தாக்கு அகலமாகிவிட்டது, அவ்வளவே.

ஒரே அணைக்குள்ளேயே இப்படி என்றால், இரண்டு அணைகளின் அடியை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. மணிமுத்தாறு அணையின் முழு மட்டம் 118 அடி. மேட்டூருக்கு இரண்டே அடிதான் குறைவு. கொள்ளளவோ 5.511 டி.எம்.சி. மேட்டூரில் அந்த மாதிரி பதினேழு அணைத் தண்ணீர் அடங்கும். 143 அடி பாபநாசத்திலும் 5.5 டி.எம்.சி.தான். அந்த அடி அந்த அணைக்குள் நேற்றையும் இன்றையும் ஒப்பிட மட்டும் பயன்படும்.

அணைக்கு வரும் தண்ணீரை எப்படி அளக்கிறார்கள்?

நீர்வரத்து 21,889 கனஅடி என்று கடைசி இலக்கம் வரை செய்தியில் வரும்போது, யாரோ ஆற்று வாயில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். பல அணைகளில் வரத்தை நேராக அளப்பதில்லை, கணக்குப் போட்டே கண்டுபிடிக்கிறார்கள். ஒவ்வோர் அணைக்கும் ஓர் அட்டவணை உண்டு. எந்த மட்டத்தில் எவ்வளவு இருப்பு என்று, அடியைக் கூறுபோட்டு எழுதிய பட்டியல். காலையில் அளவுகோலில் மட்டத்தைப் பார்த்து, அட்டவணையில் இருப்பை எடுப்பார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. நேற்றுக் காலை இருப்பு 65 டி.எம்.சி. இன்று காலை 66.2. நடுவில் அணையிலிருந்து வினாடிக்கு 8,000 கனஅடி திறந்துவிட்டிருக்கிறார்கள், அது ஒரு நாளுக்கு 0.69 டி.எம்.சி. இவ்வளவு திறந்தும் இருப்பு 1.2 ஏறியிருக்கிறது. ஆக உள்ளே வந்தது 1.89. அதை 0.0864-ஆல் வகுத்தால் 21.9 வரும். வினாடிக்கு சுமார் 21,900 கனஅடி வந்திருக்கிறது. கடைசி இலக்கம் வரை துல்லியம்போல் தெரிவது இந்த வகுத்தலின் மிச்சம்தான். அது 24 மணி நேரத்தின் சராசரி. நள்ளிரவில் 40 ஆயிரம் வந்து விடியற்காலை 10 ஆயிரமாகக் குறைந்திருந்தாலும் இந்த எண்ணில் தெரியாது.

ஆவியாகிப் போவதையும் தனியே சேர்க்க வேண்டும். அட்டவணையும் வண்டல் படியப் படியப் பழசாகிக்கொண்டே போகும். மேட்டூரின் 93.47 என்பது அணை கட்டிய காலத்துக் கொள்ளளவு. அதற்குப் பிறகு எவ்வளவோ வெள்ளம் மண்ணைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. எண்ணை இரண்டாவது தசமம் வரை பார்த்து மயங்க வேண்டாம் என்பது என் கட்சி.

சின்ன ஏரியும் பெரிய ஓட்டமும்

இருப்பையும் ஓட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் வெள்ளம் புரியும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து உச்சத்தில் வினாடிக்கு 29 ஆயிரம் கனஅடி வரை திறந்ததாக அரசுத் தரப்பு சொன்னது. ஏரியின் மொத்தக் கொள்ளளவே 3.645 டி.எம்.சி. அதாவது 364.5 கோடி கனஅடி. அதை 29 ஆயிரத்தால் வகுத்தால் ஏறத்தாழ 1.26 லட்சம் வினாடி, 35 மணி நேரம். வினாடிக்கு 29 ஆயிரம் கனஅடி உள்ளே வந்தால் சொட்டுத் தண்ணீர் இல்லாத செம்பரம்பாக்கமே ஒன்றரை நாளில் நிரம்பிவிடும். ஏற்கெனவே முக்கால்வாசி நிரம்பியிருந்தால் ஒன்பது மணி நேரம் தாங்காது. அதே ஓட்டம் காலியாக உள்ள மேட்டூருக்குள் போனால் 37 நாள் பிடிக்கும்.

எப்போது, எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. கொள்ளளவை ஓட்டத்தால் வகுத்தால் கிடைப்பது நேரம். அதிகாரிக்கு முடிவெடுக்கக் கிடைக்கும் நேரமும் அதுதான்.

நிரம்பிய மேட்டூருக்கு வினாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடி வந்தால், அதை அப்படியே வெளியே விடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு நாளில் அது 12.96 டி.எம்.சி. சென்னையின் ஐந்து ஏரிகளையும் ஒரே நாளில் நிரப்பி மிச்சம் வைக்கும். “இவ்வளவு தண்ணீரையும் தேக்கக் கூடாதா?” என்று கேட்பவர்கள் இந்த எண்ணை வைத்துக்கொண்டு கேட்பது நல்லது. மேட்டூர் அளவுக்கே இன்னோர் அணை இருந்தாலும் ஒரு வாரத்தில் அதுவும் ததும்பிவிடும்.

177.25 என்றால் எவ்வளவு?

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், காவிரியில் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தர வேண்டும் என்றது. 2007-ல் நடுவர் மன்றம் சொன்ன 192-லிருந்து குறைத்த எண் இது. மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் அளந்து கணக்கு வைக்கிறார்கள். மாதத்துக்கு மாதம் பங்கு மாறும். ஆகஸ்டுக்கு 45.95, ஜூனுக்கு 9.19, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5.

ஆகஸ்டின் 45.95-ஐ ஓட்டமாக்கிப் பார்ப்போம். 31 நாளால் வகுத்தால் நாளுக்கு 1.48 டி.எம்.சி. அதை 0.0864-ஆல் வகுத்தால் 17.16. ஆகஸ்டு முழுக்க பிலிகுண்டுலுவில் சராசரியாக வினாடிக்கு 17 ஆயிரம் கனஅடி ஓடியிருந்தால்தான் அந்த மாதப் பங்கு வந்து சேர்ந்தது என்று அர்த்தம். ஜூனுக்கு 3,500 கனஅடி போதும். “இன்று 8 ஆயிரம் கனஅடி வருகிறது” என்ற செய்தி ஜூனில் தாராளம், ஆகஸ்டில் பற்றாக்குறை.

இருப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பதும் இதே வகுத்தல்தான். டெல்டா பாசனத்துக்கு மேட்டூரை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். மொத்தம் 231 நாள். வினாடிக்கு 12 ஆயிரம் கனஅடி திறந்தால் நாளுக்கு 1.04 டி.எம்.சி. போகும். அணை ததும்ப நிறைந்திருந்தாலும், ஒரு சொட்டு வரத்து இல்லாவிட்டால் 90 நாளில் வறண்டுவிடும். அதுவும் அடிமட்டத் தண்ணீர் முழுவதையும் எடுக்க முடிந்தால்தான், நடைமுறையில் முடியாது. ஜூன் 12-ல் 120 அடி இருந்துவிட்டால் மூன்று போகத்துக்கும் கவலையில்லை என்று சொல்பவர்கள் மழையைக் கணக்கில் சேர்க்காமல் பேசுகிறார்கள்.

கனமீட்டரில் பேசும் அறிக்கைகள்

மத்திய நீர் ஆணையம் நாட்டின் முக்கிய அணைகளின் இருப்பை வெளியிடும் அறிக்கையில் டி.எம்.சி. இருக்காது. அங்கே பி.சி.எம்., அதாவது பில்லியன் கனமீட்டர். நூறு கோடி கனமீட்டர் என்று சொன்னால் உடனே பிடிபடும்: டி.எம்.சி. நூறு கோடி கனஅடி, பி.சி.எம். நூறு கோடி கனமீட்டர். இரண்டுக்கும் நடுவில் நாம் முன்பு பார்த்த அதே 35.3 தான். ஒரு பி.சி.எம். 35.3 டி.எம்.சி. ஓட்டத்துக்கும் இதே விகிதம். வினாடிக்கு ஒரு கனமீட்டரைக் கியூமெக் என்பார்கள், அது 35.3 கியூசெக்.

அந்த அறிக்கையில் மேட்டூருக்கு எதிரே 2.647 என்று இருப்பதைப் பார்த்து, அணை இப்படிச் சுருங்கிவிட்டதா என்று பதற வேண்டாம். 35.31-ஆல் பெருக்கினால் 93.47 வந்துவிடும்.